ஏர் பாக்ஸுக்குள் ஒரு லுங்கித் துண்டு

1. என் பைக்குக்குப் பதினெட்டு வயது. அதன் வேகம் அறுபத்தெட்டில் நின்றுபோயிருந்தது.

2. போனஸில் இருபதாயிரத்தை ஒதுக்கி, எஞ்சினில் எதை மாற்றினால் வேகம் கூடும் என்று மூன்று பேரிடம் கேட்டேன்.

3. இரண்டு பேர் எனக்கு எதையோ விற்கப் பார்த்தார்கள். மூன்றாமவர் எதையும் விற்கவில்லை. எனக்கு அவர்மேல்தான் அதிகச் சந்தேகம் வந்தது.

4. அவர் பேச்சைக் கேட்காமல் புது சைலன்சரும் திறந்த வகை ஏர் ஃபில்டரும் வாங்கினேன்.

5. அவற்றை நானே மாட்ட உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை, பழைய ஏர் பாக்ஸுக்குள்ளிருந்து நீலக் கட்டம் போட்ட லுங்கித் துண்டு ஒன்று வெளியே வந்தது.

6. அதை எடுத்துப் போட்டுவிட்டு ஓட்டினேன். இருபது நிமிடம் வண்டி பறந்தது. அடுத்த நிமிடம் எஞ்சின் சாகப் பார்த்தது.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் நான் யார் யாரைச் சந்தேகப்பட்டேன் என்பதையும் எழுதாவிட்டால் கணக்கு நேராகாது.

எனக்கு வேலை சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில். வருகிற சாமான் சொன்ன அளவில் இருக்கிறதா என்று அளந்து பார்ப்பது என் வேலை. யார் சொல்வதையும் அளக்காமல் நம்பக் கூடாது என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீடு சாரம் என்கிற பகுதியில். காலை ஷிஃப்டுக்கு மயிலம் ரோட்டில் போக வேண்டும். வானூர்ப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றிய டிப்பர்கள் அதே நேரத்தில் அதே ரோட்டில் ஓடும். அறுபத்தெட்டில் போகிற வண்டியால் டிப்பரைத் தாண்ட முடியாது. டிப்பருக்கும் அதைத் தாண்டாமல் இருக்க மனம் வராது.

பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு டிப்பர் என்னை ஒட்டிக்கொண்டே தாண்டியது. நான் மண்ணில் இறங்கி நின்றேன். அடி எதுவும் இல்லை. ஆனால் ஜல்லி தெறித்துப் பெட்ரோல் தொட்டியில் ஒட்டியிருந்த மாதா படம் கிழிந்துவிட்டது. அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"ஏன்டி, வண்டி ஒனக்கா, நீ வண்டிக்கா?" என்றார். "பிரெஞ்சு பென்ஷன் வாங்குற எதிர்வீட்டுக்காரரே அழகா ஸ்கூட்டர்ல போறாரு. ஒனக்கு இன்னா வந்துது?"

"அவர் பேக்கரிக்குப் போறாரும்மா. நான் சேதராப்பட்டு போறேன்."

"ஈஸ்டர் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள அது ஒழுங்கா ஓடலன்னா வித்துட்டு ஸ்கூட்டர் வாங்கிக்க. இல்ல, கம்பெனி வேன்ல போ."

ஆக, ஈஸ்டர்தான் கெடு. வண்டியை நான் செகண்ட் ஹேண்டில் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. நூற்றைம்பது சிசி, காற்றால் குளிரும் எஞ்சின். புதிதில் சுலபமாக நூறைத் தொட்ட வகை. இப்போது அந்த மாடல் வருவதில்லை. பிஸ்டனும், அது உள்ளே ஏறி இறங்குகிற பேரலும் கம்பெனி சாமானாக எங்கேயும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன். அதனால் இந்த எஞ்சினை ஒரு தடவை கெடுத்துவிட்டால் திரும்ப வழி கிடையாது. இதை ஒரு தாளில் எழுதி, அடியில் கோடு போட்டு, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தேன்.

முதலில் கேட்டது ஒரு உதிரிபாகக் கடைக்காரரிடம். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போர் கிட் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டார். பெரிய பேரல், பெரிய பிஸ்டன். நூற்றைம்பது சிசி நூற்றெண்பது ஆகிவிடுமாம்.

"கிராங்க் கேஸ் வாயை வெட்டணுமா?" என்று கேட்டேன்.

"லைட்டா லேத்துல குடுத்து எடுக்கணும், அவ்ளோதான்."

"லைட்டான்னா எத்தனை மில்லிமீட்டர்?"

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "ஒங்க வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்களேன், அவங்களுக்குச் சொல்றேன்."

மில்லிமீட்டர் தெரியாதவர் ஆம்பளையிடம் மட்டும் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. மாற்றக்கூடிய சாமான்கள் என்று நான் எழுதி வைத்திருந்த பட்டியலில் போர் கிட்டை அடித்தேன். வெட்டிய எஞ்சின் கூட்டைத் திரும்ப ஒட்ட முடியாது.

இரண்டாவது, எங்கள் கம்பெனி மெயின்டெனன்ஸ் ஆள் ஒருவர். காற்றோடு பெட்ரோலைக் கலக்கிற கார்புரேட்டரைப் பெரிதாகப் போடு, வண்டி பிய்த்துக்கொண்டு போகும் என்றார். அவர் வீட்டில் கழற்றிய பெரிய கார்புரேட்டர் ஒன்று சும்மா கிடப்பதாக அடுத்த நாள் கேன்டீனில் தெரியவந்தது. அதையும் அடித்தேன்.

மூன்றாவது, சாரத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருக்கும் மெக்கானிக். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். நான் அண்ணா என்பேன். அவர் என்னை எஞ்சினியர் மேடம் என்பார், அதில் பாதி கிண்டல். நான் பட்டியலை நீட்டினேன். படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல ஒண்ணும் வேணாம் மேடம். வண்டி மொதல்ல கம்பெனி எப்படிக் குடுத்துச்சோ அப்படி ஓடட்டும். இது அப்படியே ஓடலியே. அது மேல இன்னாத்த ஏத்துறது?"

நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததுதான் என்னை உறுத்தியது. எதையும் விற்காத ஆளுக்கு இதில் என்ன லாபம்? யோசித்தபோது விடை கிடைத்தது. போன வருடம் செயின் மாற்றப் போயிருந்தபோது, தொட்டியைத் தடவிக்கொண்டே அவர் சொன்னார்: "எப்பனா விக்கிற ஐடியா இருந்தா எனக்குச் சொல்லுங்க. வெளியில குடுத்துடாதீங்க."

வண்டி மெதுவாகவே ஓடினால் நான் விற்பேன். விற்றால் அவருக்கு விற்பேன். அவருக்குத் தேவை நான் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். இப்படித்தான் என் புத்தி போயிற்று. அன்றைக்கு அது தெளிவான கணக்காகவே தெரிந்தது.

இருந்தாலும் எஞ்சின் தேய்ந்திருக்கிறதா என்று அதன் அமுக்கம் பார்க்க அவரிடம்தான் வண்டியை விட்டேன். மீட்டர் வேறு கடையில் இருக்கிறது, வாங்கிவர வேண்டும், வியாழன் விட்டால் சனிக்கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்றார். இரண்டு நாள் எதற்கு? சாமான் மாற்றவா? எங்கள் தொழிற்சாலையில் போல்ட்டை முறுக்கியதும் அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்புக்கு ஒரு பெயின்ட் கோடு இழுப்போம். பிறகு யாராவது திருகினால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். புதன்கிழமை சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து கார்புரேட்டர், காயில், ஹெட், கிளட்ச் மூடி எல்லாவற்றிலும் மஞ்சள் கோடு இழுத்தேன். ஏர் பாக்ஸில் இழுக்கவில்லை. அது காற்று ஃபில்டர் உட்கார்ந்திருக்கும் வெறும் பிளாஸ்டிக் பெட்டி. அதில் திருட என்ன இருக்கிறது?

சனிக்கிழமை வண்டி வந்தது. கோடுகள் அப்படியே இருந்தன. அமுக்கம் சரியாக இருக்கிறது, எஞ்சின் நல்ல ஆரோக்கியம் என்றார். பிளக்கைக் கழற்றிக் காட்டினார். பிஸ்கட் நிறம். பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலக்கின்றன என்பதற்கு அதுதான் அடையாளம்.

"எல்லாம் சரின்னா வேகம் மட்டும் எங்க போச்சுண்ணா?"

"அதான் எனக்கும் இடிக்குது. மூச்சு முட்டுற மாதிரி இருக்குது மேடம். ஏர் பாக்ஸ முழுசா எறக்கணும், கார்புரேட்டரக் கழட்டிப் பாக்கணும். இன்னும் ரெண்டு நாள் உட்டுட்டுப் போங்க."

மறுபடியும் இரண்டு நாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மூச்சு முட்டுகிறது என்றால் மூச்சு விடப் பெரிய வழி செய்தால் போயிற்று. அந்த வாரமே தடையில்லாத சைலன்சர் ஒன்றும், ஏர் பாக்ஸையே தூக்கிப் போட்டுவிட்டு நேராகக் கார்புரேட்டர் வாயில் மாட்டுகிற திறந்த ஃபில்டர் ஒன்றும் வாங்கினேன். இரண்டிலும் எதையும் வெட்ட வேண்டாம், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். என் பட்டியலில் இவை மட்டும்தான் திரும்பி வரக்கூடிய வழிகள். மாட்டித் தரச் சொல்லி மெக்கானிக்கிடம் எடுத்துப்போனேன்.

"உள்ள பாக்காம மாட்ட மாட்டேன்," என்றார்.

"காசு குடுக்கிறேன்ல?"

"காசு குடுக்கறீங்க. எஞ்சின் போச்சுன்னா எம் பேர்ல எழுதுவீங்க. எனக்குத் தெரியாதா, நீங்க எல்லாத்தையும் எழுதற ஆளு. போல்ட்டுல கூட கோடு போட்டு அனுப்பறீங்க."

கோடுகளைப் பார்த்திருக்கிறார். எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் சந்தேகம் தெரிந்தும் மாட்ட மறுக்கிறார் என்றால் அதற்குக் காரணம் இன்னும் பெரிதாக இருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, வாசலில் கோணியை விரித்தேன். சீட்டைக் கழற்றி, ஏர் பாக்ஸை அசைத்து அசைத்து வெளியே எடுத்தேன். அந்த வண்டியில் ஃபில்டர் மாற்ற வேண்டுமானால் பக்கத்து மூடியைத் திறந்தால் போதும். முழுப் பெட்டியையும் யாரும் எடுப்பதில்லை. எடுத்தபோதுதான் தெரிந்தது. காற்று உள்ளே நுழைகிற குழாயின் வளைவில், ஃபில்டருக்கும் முன்னால், துணி ஒன்று இறுக்கமாகச் சுருட்டித் திணிக்கப்பட்டிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன். முழங்கை நீளத்துக்கு வந்தது.

எனக்கு ஒரே ஒரு முகம்தான் நினைவுக்கு வந்தது. இரண்டு நாள். கோடு இழுக்காத ஒரே இடம்.

வண்டி அதற்கு முன்பே மெதுவாகத்தான் ஓடியது என்பது எனக்கு அப்போது நினைவுக்கே வரவில்லை. சந்தேகம் முந்திக்கொண்டால் தேதிகள் வரிசை மாறிவிடும் போலிருக்கிறது. துணியை ஒரு ஜிப் கவரில் போட்டேன். மேலே தேதி, நேரம், எடுத்த இடம் எழுதினேன். அம்மா வாசற்படியில் நின்று பார்த்தார்.

"யார் லுங்கிடி அது?"

"அதான்மா தெரியணும்."

புதிய சாமான்களை மாட்டவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மாற்றினால் எதனால் எது நடந்தது என்று சொல்ல முடியாது. அது வேலையில் வந்த பழக்கம். என்னையும் எஞ்சினையும் காப்பாற்றியது அந்தப் பழக்கம் மட்டும்தான். துணி இல்லாத ஏர் பாக்ஸை அப்படியே திரும்ப மாட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனேன்.

வண்டி வேறு வண்டியாக இருந்தது. எழுபது, எண்பது, எண்பத்தெட்டு. ஹெல்மெட்டுக்குள் நான் சிரித்தேன். காலாப்பட்டு நெருங்கும்போது எஞ்சினிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தகர டப்பாவில் சில்லறையைக் குலுக்குவதுபோல். கால் மூட்டில் வழக்கத்தைவிட அதிகச் சூடு. ஆக்சிலேட்டரைத் திருகியும் வேகம் குறைந்தது. கிளட்ச்சைப் பிடித்து ஓரம் கட்டினேன். சூடு ஆறும்வரை ஒரு இளநீர்க் கடையில் உட்கார்ந்திருந்து, பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பிஸ்கட் நிறம் போய்ச் சுண்ணாம்பு நிறமாக இருந்தது. நுனியில் ஊசி முனை அளவுக்கு மின்னும் புள்ளிகள். பிஸ்டனின் அலுமினியம் உருகத் தொடங்கினால்தான் அப்படிப் புள்ளி விழும். இன்னும் ஒரு கிலோமீட்டர் அதே வேகத்தில் போயிருந்தால் பிஸ்டன் பேரலைக் கவ்விப் பிடித்திருக்கும். கிடைக்காத பேரல்.

முப்பதுக்கு மேல் போகாமல் வீடு வந்தேன். மறுநாள் சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்ததும் கவரை எடுத்துக்கொண்டு மெக்கானிக் கடைக்குப் போனேன்.

"இது என் ஏர் பாக்ஸுக்குள்ள இருந்துது. நீங்க வச்சதா?"

அவர் கவரை வாங்கி, நான் எழுதியிருந்ததை முதலில் படித்தார். "இன்னா மேடம், போலீஸ் ஸ்டேஷன் மாதிரி பண்ணி வச்சிருக்கீங்க." துணியை வெளியே எடுத்து உதறினார். விறைப்பாக, உப்புப் பிடித்திருந்தது. நூலில் எதையோ பார்த்தவர், நகத்தால் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார்.

மீன் செதில். காய்ந்து, கண்ணாடிபோல்.

"எங் கடைத் துணின்னா கிரீஸ் இருக்கும். வவ்வா மீன் எப்பிடி வரும்? நான் மீனே தொட மாட்டேன், முட்டைதான்." சிரித்தார். பிறகு பிளக்கைக் கேட்டார். காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"துணிய எடுத்துட்டு ஓட்டுனீங்களா? ஜெட்டு நம்பர் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் திருகியிருக்கும் பித்தளைத் துண்டு. அதன் நடுவில் இருக்கும் துளைதான் எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று முடிவு செய்யும். துளையின் அளவு அதன் தலையில் எண்ணாகப் பொறித்திருக்கும். என் கண்முன்னாலேயே கார்புரேட்டரை இறக்கினார். என் மஞ்சள் கோட்டை உடைப்பதற்குமுன், "உடைக்கலாமா மேடம்?" என்று வேண்டுமென்றே கேட்டார். போன் கேமராவில் பெரிதாக்கிப் படித்தேன். தொண்ணூற்றைந்து. வண்டியின் கையேட்டில் இருப்பது நூற்றுப் பன்னிரண்டு.

அப்போது எனக்கு எல்லாம் விளங்கியது. துணி காற்றைக் குறைத்தது. யாரோ அதற்கு ஏற்றபடி பெட்ரோலையும் குறைத்திருக்கிறார்கள். இரண்டு தவறும் ஒன்றையொன்று சமன் செய்ததால் பிளக் அழகாகப் பிஸ்கட் நிறம் காட்டியது. நான் ஒரு தவறை மட்டும் எடுத்துவிட்டேன். காற்று முழுசாக வந்தது, பெட்ரோல் அரைகுறையாக வந்தது, எஞ்சின் வெந்தது.

"இதோட அந்த ஃபில்டரும் சைலன்சரும் போட்டிருந்தீங்கன்னா," என்றார், "காலாப்பட்டு வரைக்கும் கூடப் போயிருக்க மாட்டீங்க. முத்தியால்பேட்டயிலயே நின்னிருக்கும்."

அமுக்கம் மறுபடி பார்த்தார். இந்தத் தடவை மீட்டரை வாங்கிவரும்வரை நான் கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். குறையவில்லை. பேரல் தப்பித்தது.

ஆனால் சின்ன ஜெட் போட்டது யார்? அதுவும் இவராக இருந்தால்? அடுத்த நாள் ஷிஃப்டுக்கு முன்னால் வைத்திக்குப்பம் போனேன். எனக்கு வண்டியை விற்றது அங்கே மீன் விற்கும் ஒரு அக்கா. அவர் வீட்டுக்காரர் படகுக்கு ஐஸ் ஏற்றிப் போன வண்டி அது. படகுகளுக்குப் பக்கத்தில், கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து அக்கா சங்கரா மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, வண்டி எப்பிடி ஓடுது?"

கவரைக் காட்டினேன். அவர் கொஞ்சமும் அதிரவில்லை.

"ஐய, அத்த எடுத்துட்டியா? எதுக்கு எடுத்த?"

"நீங்கதான் வச்சீங்களாக்கா?"

"எங்க ஊட்டுக்காரரு வச்சாரு. பாரு, அங்க." கையை நீட்டினார். படகுகளுக்கு நடுவில் நாலைந்து பைக்குகள் மணலில் நின்றன. "காத்தடிச்சா மணலு உள்ள போயிடும்ல? இங்க நிக்கிற வண்டி எல்லாத்துலயும் துணி இருக்கும். எங்க வண்டில இன்னும் நல்லா அமுக்கி வச்சோம்."

"வச்சதும் வண்டி புகை விட்டிருக்குமே?"

"உட்டுது. கரும்புகை. அப்புறம் முத்தியால்பேட்டைல ஒருத்தன் உள்ள சின்ன ஆணியாட்டம் எதையோ மாத்திக் குடுத்தான். புகையும் போச்சு, பெட்ரோலும் மிச்சம். ஐஸ் வண்டிக்கு இன்னா ஸ்பீடு வேணும்? சும்மா நல்லா ஓடிச்சு."

"விக்கும்போது என்கிட்ட சொல்லவே இல்லையேக்கா."

கையில் இருந்த தண்ணீரை மீன்மேல் உதறினார். "நீ கேட்டியா? ஒரு தாள்ல எழுதிக்கினு வந்த. எத்தினி ஓனரு, இன்சூரன்சு எப்ப முடியுது, எங்கனா உழுந்துச்சா, எஞ்சின் நம்பரு இன்னா. வக்கீல் மாதிரி முப்பது கேள்வி கேட்ட. அத்தினிக்கும் உண்மைய சொன்னனா இல்லியா? அதுல துணின்னு ஒரு கேள்வி இல்ல." பக்கத்துக் கூடைக்காரியிடம் திரும்பினார். "கேட்டியாடி, வண்டி வாங்க வந்தவ என்னப் பரிச்ச எழுத வச்சா."

இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் தாமதமாக. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் பார்த்தேன். முப்பது இல்லை, இருபத்தெட்டு. 'வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்' என்ற கேள்வி இல்லை.

நூற்றுப் பன்னிரண்டாம் எண் ஜெட் ஒன்று, என் இருபதாயிரத்துக்கு முன்னால் சொல்லவே கூச்சமான விலைக்குக் கிடைத்தது. மெக்கானிக் அதை மாட்ட, எண்ணை நான் இரண்டு தடவை படித்த பிறகே மூடவிட்டேன். சைலன்சரையும் ஃபில்டரையும் வாங்கிய கடையில் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். இன்னும் கொஞ்சம் வேகத்துக்குப் பின்சக்கரத்துப் பல்சக்கரத்தை மாற்றலாமா என்று மட்டும் மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"ஆறு மாசம் இப்படியே ஓட்டுங்க. அப்பவும் ஆசை இருந்தா பேசலாம்." தொட்டியைத் தடவியபடி, "விக்கிற ஐடியா எதுவும்?" என்றார்.

"இல்லைண்ணா."

"சரி, கேட்டு வச்சேன்."

அவருக்கு வண்டிமேல் ஆசை இருந்தது உண்மைதான். என்னிடம் சரியாகச் சொன்னதும் உண்மைதான். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்ற வரி என் கணக்கில் இல்லாமல் இருந்தது.

ஈஸ்டர் முடிந்துவிட்டது. இன்றைய நிலை இது. வண்டி தொண்ணூற்றாறு வரை போகிறது. பிளக் பிஸ்கட் நிறம். மயிலம் ரோட்டில் டிப்பரைத் தாண்டுகிறேன். அம்மா ஸ்கூட்டர் பேச்சை எடுக்கவில்லை. போர் கிட் வாங்கவில்லை. சைலன்சரும் ஃபில்டரும் பெட்டி பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. வண்டியைக் கடையில் விடும்போது போல்ட்டுகளில் மஞ்சள் கோடு இழுப்பதை நான் நிறுத்தவில்லை. இப்போது ஏர் பாக்ஸிலும் இழுக்கிறேன்.